தேடச் சொல்ல ஓர் ஆள்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

மழை. பதுளை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஹாலிஎலயில் ஏறிய ஒரு பெரியவர் என் கால்மேல் கோழிக்கூடையை வைத்துவிட்டு, நான்தான் கோழிக்குச் சொந்தக்காரி என்பதுபோல் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

காரியாலயத்தில் றஷீனா அக்கா வாசலிலேயே நின்றார். அவர்தான் முதலாளி. மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவரும் நானும்தான் மொத்தக் கம்பனி. சுற்றுலாப் பயணிகளுக்கு எல்லயில் அறை, ரயிலில் இருக்கை, நிலாவெளியில் கடலுக்கடியில் மீன் பார்க்கும் வசதி எல்லாவற்றையும் மலையில் உட்கார்ந்தபடியே ஒழுங்கு செய்து கொடுக்கிறோம். நிலாவெளி ஸ்கூபா நிலையத்தை நடத்துபவர் அக்காவின் கணவர் அஸீஸ். அங்கே வருகிறவர்களை நீருக்குள் கூட்டிக்கொண்டு இறங்குகிறவன் என் அண்ணன் சஜீவன்.

போன சீசனில் இரண்டு பேர் நீரோட்டத்தில் அள்ளுப்பட்டுப் படகுக்குத் தெரியாத தூரத்தில் மேலே வந்திருக்கிறார்கள். யாரோ மீன்பிடிக்காரர்கள் கண்டு ஏற்றி வந்தார்களாம்.

"அந்த ரெண்டு பேரும் நல்ல மனுசங்க, புள்ள. நெட்ல நாலு நட்சத்திரம் போட்டாங்க. உசிரு போகப் பாத்ததுக்கு ஒரு நட்சத்திரம்தான் கொறச்சாங்க. அடுத்த ஆள் திரும்பியே வரல்லன்னா எத்தனை போடுவான்?"

ஆபத்தில் சமிக்ஞை கொடுக்கும் சாமான்களில் எது நல்லது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"அக்கா, எனக்கு நீச்சலே தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா? அஸீஸ்கிட்ட விட்டா எது மினுங்குதோ அதை வாங்குவார். நீ எந்நேரமும் வாசிச்சிக்கிட்டுத்தானே இருக்க. இதையும் வாசி. உங்க அண்ணன் உசிருதானே."

இப்படியாக, கடலை வாழ்க்கையில் இரண்டே தடவை, அதுவும் கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்த நான், கடலில் தொலைகிறவர்களை மீட்கும் நிபுணரானேன். இந்த நாட்டில் பதவிகள் இப்படித்தான் கிடைக்கின்றன.

பெப்ரவரி 13, வியாழன்

வாசித்தேன். படகில் இருப்பவனுக்கு, அலைகளுக்கிடையே மனிதத் தலை என்பது ஒரு தேங்காய். காற்று அடித்தால் தேங்காயும் இல்லை. கடலுக்குள் மூழ்கும் சுழியோடியின் உடுப்பு வேறு கறுப்பு. யாரும் கண்டுவிடக் கூடாது என்று தீர்மானித்துத் தைத்தவன் போல.

விளம்பரப் படங்களில் தொலைந்துபோகிற எல்லோரும் சிரிக்கிறார்கள். நல்ல பல்வரிசை இல்லாதவனைக் கடல் ஏற்றுக்கொள்ளாதோ?

சாமான்கள் ஒன்றுக்கொன்று போட்டி. கண்ணாடித் துண்டு, நெடுந்தூரத்துக்கு மின்னும், ஆனால் வெயில் வேண்டும். மின்னி மின்னி அணையும் விளக்குக்கு இருட்ட வேண்டும். நீரைப் பச்சையாக்கும் சாயம் விமானம் வருமுன் கரைந்துவிடும். சிலிண்டர் காற்றில் ஊதும் ஊதுகுழல் மாட்டைப் போல் கத்துமாம். ஆனால் ஆபத்தில் மேலே வருகிறவனின் சிலிண்டரில்தானே காற்று முடிந்திருக்கும்? பிறகு, ஆள் உயரத்துக்கு மேல் ஊதி நிறுத்தும் செம்மஞ்சள் குழாய். சுழியோடிகள் அதைச் சொசேஜ், அதாவது இறைச்சிக்குழல், என்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் மனம் உடைந்திருப்பார்.

இவற்றுக்கெல்லாம் மேலே, விலையிலும் பெருமையிலும், இரண்டு மின்கருவிகள். ஒன்று பக்கத்திலிருக்கும் கப்பல்களின் ரேடியோத் திரையில் "இங்கே ஆள்" என்று காட்டும். மற்றது வானத்தில் சுற்றும் செய்மதிக்குச் சொல்லும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

பூசையில் பாதர் இருளில் ஒளி பற்றிப் பேசினார். எத்தனை மைல் தூரத்துக்கு என்று சொல்லவில்லை.

பெப்ரவரி 21, வெள்ளி

அஸீஸுக்குக் கப்பலைக் கூப்பிடும் கருவிதான் வேண்டுமாம். விளம்பரத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் திரும்பி வருகிறது. அண்ணனை அழைத்தேன்.

"ஏய் நிஷா, நீ எப்போடி கடற்படையில சேர்ந்த?"

"அண்ணே, வெளயாடாத. அங்க சுத்தியிருக்கிற படகுல எல்லாம் ரேடியோத் திரை இருக்கா?"

சத்தமாகச் சிரித்துவிட்டு போனைப் படகோட்டி றஹீமிடம் கொடுத்தான்.

"தங்கச்சி, எங்கட வள்ளத்துல எஞ்சின் இருக்கு, பாட்டுப் பெட்டி இருக்கு, குடை ஒண்டு இருக்கு. நீங்க சொல்ற சாமான் பெரிய கப்பல்லதான் இருக்கும். பெரிய கப்பல் எங்கட பக்கம் வந்தா நாங்கதான் ஓடிருவம்."

அவ்வளவுதான். நாள் முழுக்க வாசித்ததில் யாரும் சொல்லாத விஷயம். கூப்பிடுவது பாதி வேலை. கேட்கிறவன் யார்? கேட்க ஆளில்லாத மொழியில் கத்தும் கருவி அழகாக மினுங்கி என்ன பயன்.

கப்பல் கருவி ஒழிந்தது.

மார்ச் 8, சனி

இன்றைய அவமானத்தை எழுதிவைக்கிறேன்.

மாதிரிக்கு வந்த விசில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீருக்குள்ளும் ஊதலாமாம். மலையெல்லாம் மூட்டம். கடல்போலத்தான், ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மேட்டில் ஏறி நின்று, பலம் முழுவதையும் கூட்டி ஊதினேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் கொழுந்து நிறுவைக்குக் கங்காணி விசில்தான் ஊதுவார் என்பது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து கேட்கிறேன். ஆனால் கடலைப் பற்றி யோசிக்கிறவளுக்கு நிறுவை ஞாபகம் வராது.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கூடையில் கால்வாசி கொழுந்து. "என்ன இன்னைக்கு வெள்ளனவே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு. கடைசியில் இராசையா கங்காணி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எவ ஊதுனது?"

"நான்தாங்க. கடல்ல தொலைஞ்சா ஊதுறதுக்கு..."

"கடலா? எங்கம்மா இருக்கு இங்க கடலு?"

பக்கத்து வீட்டு ரெங்கம்மா அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தார். "அண்ணன்காரன் சைரன். தங்கச்சிக்காரி விசிலு. லூசியா, உன் வயித்துல இன்னும் என்னென்னடி இருந்துச்சு?"

அம்மா யாரையும் பார்க்காமல் மறுபடி மலையேறினார். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வாக்கியம்: "ஆளுகளைத் தொந்தரவு பண்றதே உங்க ரெண்டு பேருக்கும் பொழப்பாப் போச்சு."

மார்ச் 9, ஞாயிறு

சைரன். அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்கள் புதைந்ததற்கு அடுத்த வருடம். மழை பெய்தாலே எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்த காலம். அண்ணனுக்குப் பதினைந்து வயதிருக்கும். ஒரு சாயந்தரம் லயத்துக்குப் பின்னால் கல் உருளும் சத்தம் கேட்டு, "மண்ணு வருது, ஓடுங்க" என்று கத்தினான். லயம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. டீவியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர், ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர், மனைவியை விட்டுவிட்டு ஒருத்தர். மலை அசையவில்லை. இன்றுவரை அசையவில்லை. விடிந்ததும் அண்ணனுக்குப் புதுப் பெயர் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவன் கத்தி நான் கேட்டதில்லை. காலில் ஆணி ஏறியபோதுகூட நொண்டிக்கொண்டு வந்து, "அம்மா, வேலையா இருக்கியா?" என்றான்.

அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். கோபம் தணிந்திருந்தது. "சிரிச்சோந்தான். ஆனா ஓடிட்டுத்தானே சிரிச்சோம்" என்றார்.

எனக்கு வேறு கேள்வி. இந்த ஆளிடம் எதைக் கொடுத்தாலும் பயன்படுத்துவானா? உலகத்திலேயே சிறந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் நாகரிகமாக மூழ்கிப்போவானே, பாவி.

எந்தப் பட்டியலிலும் இதற்குக் கருவி இல்லை. வெட்கப்படுகிறவர்களுக்கு ஏற்றது என்று எவனும் விளம்பரம் போடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

தெரிவு முடிந்தது. றஷீனா அக்காவிடம் சொன்னேன்.

செம்மஞ்சள் குழாய் ஆளுக்கொன்று. ஆனால் ஆபத்துக்கு என்று வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும், படகு கண்முன்னே நின்றாலும், குழாயை ஊதி முதலில் அனுப்ப வேண்டும். தினமும் செய்கிற காரியத்துக்கு யாரும் வெட்கப்படுவதில்லை. பல் துலக்க வெட்கப்படுகிறோமா? நல்ல சுழியோடிகள் அப்படித்தான் செய்கிறார்களாம். கண்ணாடியும் விசிலும் எல்லோர் உடுப்பிலும் தொங்கட்டும்.

கூட்டிக்கொண்டு போகிறவனிடம் மட்டும் செய்மதிக்குச் சொல்லும் அந்தக் கருவி, பீக்கன். நீர் புகாத குப்பிக்குள் வைத்துக் கொண்டுபோய், மேலே வந்ததும் வெளியே எடுத்து, கம்பியை விரித்து, வானம் தெரியப் பிடித்து அழுத்த வேண்டும்.

"அழுத்துனா?"

"செய்மதிக்குப் போகும் அக்கா. அங்கயிருந்து மீட்பு நிலையத்துக்கு வரும். அவங்க நாம பதிஞ்சு குடுத்த இலக்கத்துக்குப் போன் எடுத்து, உங்க ஆள் நெசமாவே கடல்லயா, இல்ல தெரியாம அழுத்திட்டாரான்னு கேப்பாங்க. கேட்டுட்டுத் தேடுவாங்க."

"அவன் அழுத்துவானா?"

இந்த மனுசிக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

"அழுத்துவான்" என்றேன். பொய்.

ஏப்ரல் 2, புதன்

பீக்கன் வந்தது. சோப்புக்கட்டி அளவு. இவ்வளவு வாசித்துவிட்டு சோப்புக்கட்டியை வாங்கியிருக்கிறேன்.

பதிவில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று அண்ணனைக் கேட்டேன். அம்மாவை முதலில் போடச் சொன்னான். "நீ பஸ்ல ஏறுனா ஒன் போன் செத்துப்போகும். அம்மா மலையில நிக்கும், அங்க நாலு கோடு சிக்னல்." சரிதான். அம்மா முதலாவது, நான் இரண்டாவது.

ஏப்ரல் 19, பெரிய சனி

அண்ணன் வீட்டில். வெயிலில் கறுத்து, தலைமயிர் செம்பட்டையாகி, ஒரு பக்கத்தில் வெள்ளைக்காரன் மாதிரியும் இன்னொரு பக்கத்தில் கருவாடு மாதிரியும் இருக்கிறான். நேற்றுச் சிலுவைப்பாதைக்கு அம்மாவோடு ஒழுங்காக வந்தான்.

இன்று பீலிக்கரையில் குளித்துக்கொண்டிருந்தவனைப் பிடித்தேன்.

"மேல வந்துட்ட. படகைக் காணோம். எப்ப அழுத்துவ?"

"பாப்போம்ல. றஹீம் வருவாரு."

"வரல்லன்னா?"

"கொஞ்ச நேரம் பாக்கணும். சும்மா சும்மா அழுத்தி, நேவிக்காரன் எண்ணெயை எரிச்சிக்கிட்டு வந்து, சிங்களத்துல, என்ன மல்லி, ஒண்ணுமில்லயான்னு கேட்டா மூஞ்சிய எங்க வைக்கிறது?"

"மூஞ்சி இருந்தாத்தானே வைக்கிறதுக்கு!"

தண்ணீரை என்மேல் வீசினான். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரும மாடு. எரும மாடாவது முட்டும். இவன் கடல்ல செத்தாலும், செத்ததுக்கு மன்னிச்சிக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் சாவான்.

மே 23, வெள்ளி

இன்றைக்கு எல்லோரும் அம்மாவைப் புகழ்கிறார்கள்.

நடந்தது இதுதான். அஸீஸ் நிலையத்துக்கு வந்த விருந்தாளிகளிடம் பீக்கனைப் பெருமையாகக் காட்டியிருக்கிறார். கம்பியை விரித்து, "இந்தப் பொத்தான்தான்" என்று தொட்டும் காட்டியிருக்கிறார். கடற்கரை வெயிலில் செய்மதி நன்றாகவே கேட்டுக்கொண்டது. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி அம்மாவை அழைத்தார். அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

"உங்க மகனோட கருவி சிக்னல் குடுக்குது. அவருக்கு ஏதும் ஆபத்தா?"

"ஐயோ, ஒண்ணும் இல்லைங்க ஐயா. மன்னிச்சிக்கங்க. சின்னப் பய, தெரியாம அழுத்தியிருப்பான்."

அஸீஸும் உடனே அழைத்து மன்னிப்புக் கேட்க, விஷயம் முடிந்தது. "உங்க அம்மா எவ்வளவு வெவரம்! ஒரு படகை வீணா அனுப்பாமக் காப்பாத்திட்டாங்க" என்று றஷீனா அக்கா என்னிடம் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். அம்மா கூச்சத்தோடு சாப்பிட்டார். ரெங்கம்மா அக்காவுக்கும் ஒரு துண்டு.

என் துண்டை நான் தொடவில்லை.

ஏனென்றால் அம்மாவுக்குத் தெரியாது. அஸீஸ் அழுத்தியது, அண்ணன் அப்போது கரையில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தது, எதுவுமே தெரியாது. "எப்படிம்மா ஒண்ணும் இல்லைன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"பெரிய எடத்து ஆளு, அவ்வளவு தூரத்துல இருந்து கூப்புடுறாரு. நம்மளால தொந்தரவுன்னா எப்புடி?"

அதிகாரத்தின் குரல் போனில் வந்தால் எங்களுக்கு முதலில் மன்னிப்புத்தான் வரும். காரணம் பிறகு. இருநூறு வருடப் பழக்கம். நான் செய்மதியைப் பார்த்தேன், பற்றரியைப் பார்த்தேன், நீர் புகாத குப்பியைப் பார்த்தேன். அம்மாவைப் பார்க்கவில்லை.

மே 25, ஞாயிறு

ஒத்திகை. பூசை முடிந்து வந்ததும் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, நான் அதிகாரியானேன்.

"வணக்கம். உங்க மகன்கிட்ட இருந்து ஆபத்து சிக்னல் வருது."

"வணக்கங்க ஐயா. சாப்பிட்டீங்களா?"

"அம்மா!"

"கேக்காம எப்புடிடி?"

மறுபடி. இந்தத் தடவை, "பெரிய மனசு பண்ணி..." என்று தொடங்கினார். மறுபடி. "சின்னப் பயங்க" என்றார். இருபத்தைந்து வயதில் அவன் சின்னப் பயல்.

"கடல்லதான் இருக்கான், தேடுங்கன்னு சொல்லும்மா. அவ்வளவுதான்."

"தொரமாருகிட்ட தேடுங்கன்னு நான் எப்புடி ஏவுறது? நாக்கு வருமா?"

"ஏவல் இல்லம்மா. அவங்க வேலையே அதுதான்."

"வேலைன்னா? கங்காணிக்குக்கூடத்தான் நிறுக்கிறது வேலை. சரியா நிறுங்கன்னு சொல்லிப் பாரு."

அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மே 28, புதன்

பதிவில் அம்மாவின் இலக்கத்தை எடுத்துவிட்டு றஷீனா அக்காவின் இலக்கத்தைப் போட வேண்டும். அக்கா கடற்படையையே திட்டுவார். ஒரு நிமிட வேலை. அக்காவிடம் கேட்கவும் கூச்சம், அம்மாவிடம் சொல்லவும் கூச்சம். மாற்றவில்லை. நானும் இந்த வீட்டுப் பெண்தானே.

ஜூன் 15, ஞாயிறு

இன்னும் மாற்றவில்லை.

ஜூலை 17, வியாழன்

காரியாலயம். மத்தியானம் தாண்டிவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எழுதுகிறேன்.

அஸீஸ் அக்காவுக்கு அழைத்தார். அண்ணனும் ஒல்லாந்து நாட்டுக் கணவன் மனைவியும் வெளிப்பாறைக்கு இறங்கியவர்கள். காற்று கிளம்பிவிட்டது. றஹீம் நீருக்குமேல் வரும் அவர்களுடைய மூச்சுக் குமிழிகளைத் தவறவிட்டுவிட்டார். வர வேண்டிய நேரம் போய்விட்டது. மேலே வந்தார்களா, எங்கே வந்தார்கள் — தெரியவில்லை. றஹீம் வடக்குப் பக்கம் தேடுகிறாராம்.

என் போன் மணி அடிக்கவில்லை. அப்படியென்றால் அவன் அழுத்தவில்லை. அல்லது அழுத்தி, அம்மாவை அழைத்து, அம்மா —

அம்மாவுக்கு அடித்தேன். பேசிக்கொண்டிருக்கிறார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். யாரோடு?

அக்கா இன்னொரு போனில் அஸீஸிடம் கத்துகிறார். ஒன்றரை மாதம் முழுக்கச் சும்மா இருந்தேனே. ஒரே ஒரு இலக்கம். மாத்தியிருக்கலாம்ல? ஏன்டி மாத்தல? வெக்கமாம். நீ பெரிய இவ, ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற —

மறுபடி அடித்தேன். பேசிக்கொண்டேதான் இருக்கிறார்.

மாதாவே. கிண்டல் பண்ணினது எல்லாத்துக்கும் சேத்து பிறகு கணக்குப் பாத்துக்க. இப்ப அவனை மட்டும் —

அக்கா கையைக் காட்டுகிறார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவி

ஜூலை 18, வெள்ளி

உயிரோடிருக்கிறான். மூன்று பேரும். உதடு வெடித்து, முகம் தோல் உரிந்து, வேறொன்றும் இல்லை.

நேற்று ராத்திரியும் இன்றும் ஒவ்வொருவராகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

நீரோட்டம் அவர்களைத் தெற்கே இழுத்துவிட்டது. அண்ணன் வழக்கம்போல் குழாயை ஊதி மேலே அனுப்பியிருக்கிறான். ஆனால் வடக்கே தேடுகிறவனுக்குத் தெற்கே நிற்கும் சொசேஜ் எப்படித் தெரியும்? படகைக் காணவில்லை. பீக்கனை எடுத்து அழுத்திவிட்டான்.

அதிகாரியின் அழைப்பு வந்தபோது அம்மா நிறுவைக்கு வரிசையில் நின்றார். மற்றதை ரெங்கம்மா அக்கா நடித்தே காட்டினார், இரண்டு குரலிலும்.

"அம்மா, மே மாதம் மாதிரி இதுவும் தவறுதலா இருக்குமா?"

"லூசியா, போனை வை, தராசு காத்துக்கிட்டு நிக்குது" என்று இராசையா கங்காணி.

"நீங்க பொறுங்க" என்று கங்காணியைப் பார்த்து அம்மா. எங்கள் அம்மா! பிறகு போனில்: "போன தடவை ஒண்ணுந் தெரியாமத்தாங்க ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். இப்பவும் ஒண்ணுந் தெரியாது. காலையில கடலுக்குப் போனான். நீங்க போயிப் பாருங்க. பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

அவர் மரியாதையாகச் சரி என்று வைத்துவிட்டார். அம்மா விடவில்லை. அந்த இலக்கத்துக்கே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். கடைசியில் அவர், "படகு புறப்பட்டுட்டு அம்மா, நீங்க போனை வச்சாத்தான் நாங்க அவங்களோட பேசலாம்" என்றாராம். கடற்படைப் படகுதான் நேராகப் போய் மூன்று பேரையும் தூக்கியது.

"நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் ஞாபகம் இருந்துச்சாம்மா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்லடி. அந்தாளு தமிழ் பேச ரொம்பக் கஷ்டப்பட்டாரு. அதான் சுருக்கமாச் சொன்னேன்."

அண்ணனிடம் வேறு கேள்வி. பாக்கணும், பொறுக்கணும் என்றவன் எப்படி உடனே அழுத்தினான்? போனில்தான் கேட்டேன்.

"அந்த ஒல்லாந்துப் பொம்பள அழுத்து அழுத்துன்னு ஒரே கத்து. அது வாயை அடைக்கத்தான் அழுத்துனேன்."

"நேவி வந்தா மூஞ்சிய எங்க வைப்பன்னு கேட்டியே?"

"எங்க வரப் போறாங்கன்னு நெனச்சேன். அம்மாவுக்குத்தானே போன் போகும். அது எப்படியும் ஒண்ணும் இல்லைங்க ஐயான்னு சொல்லித் திருப்பி அனுப்பிரும்ல. அந்தத் தைரியத்துலதான்டி அழுத்துனேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்புறம் படகு வந்துச்சு" என்றான். "நான் கேட்ட மொத வார்த்தையே, அம்மாகிட்ட பேசினீங்களான்னுதான்."

போனை வைத்துவிட்டு லயத்துக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன். சிரிப்பு என்றுதான் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

றஷீனா அக்கா இரண்டாவது பீக்கனுக்குச் சொல்லிவிட்டார், நிலையத்தில் இருக்கும் இன்னொரு வழிகாட்டிக்கு. பதிவில் அவசரத்துக்கு யாரைப் போடுவது என்று கேட்டேன். "உங்க அம்மாவையே போடு" என்றார். அந்த ஆள் அம்மாவுக்குச் சொந்தமே இல்லை.

போட்டேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

அம்மா இன்றும் கொழும்புக்கு அழைத்தார். பூசை முடிந்து, சேலையைக்கூட மாற்றாமல்.

"லூசியா பேசுறேங்க, ஹாலிஎலயில இருந்து. இல்லைங்க, ஆபத்து இல்லைங்க. இன்னைக்கு மகன் எறங்குறான், கூட நாலு பேரு. காத்து கொஞ்சம் இருக்காம். சும்மா சொல்லி வைக்கிறேன்."

வைத்ததும் நான் பாய்ந்தேன். "அம்மா, இதெல்லாம் அவங்களுக்குத் தொந்தரவும்மா."

"அப்புடியா? அந்தத் தம்பி ஒண்ணும் சொல்லலியே." ஐயா எப்போது தம்பியானார் என்று தெரியவில்லை.

வாசலில் ரெங்கம்மா அக்கா நின்றுகொண்டிருந்தார், வெகு நேரமாக. அவருடைய மகன் கட்டாரில் கட்டட வேலை. வைகாசியிலிருந்து போன் இல்லை. யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இத்தனை நாளாகப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நான் விசாரிக்கவும் இல்லை.

"லூசியா, ஒன் ஆளுங்க கடலுக்கு மட்டுந்தான் போவாங்களா, கட்டாருக்கும் போவாங்களா?"

அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லிவிட்டு, மறுபடி போனை எடுத்தார்.

"இரு, கேட்டுப் பாப்போம்."